வஜ்ரேஷ்வரி வெந்நீர்க் குண்டங்களில் காலனிக் காலத்தைக் கண்டுபிடிப்பது எப்படி

வெள்ளைக்காரன் கட்டிய குளியல் மாளிகை எங்கே என்று தேடிக்கொண்டு மும்பைக்கு வடக்கே இருக்கும் வஜ்ரேஷ்வரிக்குப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். வஜ்ரேஷ்வரி, அக்லோலி, கணேஷ்புரி என்று தான்சா ஆற்றை ஒட்டிக் கிடக்கும் குண்டங்கள் பார்வைக்கு ஏறத்தாழ ஒரே மாதிரிதான் இருக்கும். கருங்கல் கரை, இறங்கப் படி, பக்கத்தில் ஒரு சிவன் கோயில், அதற்கு மேல் நேற்று ஒட்டிய டைல்ஸ். இந்தப் பகுதியோ இரண்டு காலனி ஆட்சிகளைப் பார்த்தது. 1534-இல் குஜராத் சுல்தானிடமிருந்து பக்கத்துக் கடற்கரை நகரமான வசாயைப் பெற்ற போர்ச்சுகீசியர், 1739-இல் மராட்டியத் தளபதி சிமாஜி அப்பாவின் படையிடம் தோற்கும்வரை இருந்தார்கள். வஜ்ரேஷ்வரி தேவி கோயில் அந்த வெற்றிக்கு நேர்த்திக்கடனாகக் கட்டப்பட்டது என்பது ஊர் வழக்கு. பேஷ்வா ஆட்சி 1818-இல் முடிந்தபோது ஆங்கிலேயர் வந்தார்கள். அவர்கள் விட்டுப்போன தடம் குண்டங்களில் உண்டு. ஆனால் அதை வடிகாலிலும், நீர்மட்டத்திலும், இரும்பிலும், பழைய காகிதத்திலும்தான் பார்க்க முடியும்.

மற்ற நாடுகளில் கதை வேறு. தைவானின் பெய்டோவில் ஜப்பானிய காலனி அரசு 1913-இல் கீழே செங்கல், மேலே மரம் என்று இரண்டு மாடிப் பொதுக் குளியலகம் கட்டியது. இப்போது அது அருங்காட்சியகம். மடகாஸ்கரின் ஆன்ட்சிராபேயை பிரெஞ்சுக்காரர்கள் வெந்நீர் ஊற்று நகரமாகவே வளர்த்தார்கள். பம்பாயில் ஆங்கிலேயருக்கு வேண்டியிருந்தது குளிர்ச்சி. தானா (இன்றைய தானே) மாவட்டக் கலெக்டர் ஹ்யூ மாலெட் 1850-இல் மாதேரான் மலையைக் கண்டு அங்கே வீடு கட்ட ஏற்பாடு செய்தார். அதே மாவட்டத்தில் வெந்நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது, அதற்கு மாளிகை எழவில்லை. குண்டங்களைத் தொட்டு ஓடும் அதே தான்சா ஆற்றின் மேற்பகுதியில் 1892-இல் அணை கட்டி முடித்து பம்பாய்க்குக் குடிநீர் கொண்டுபோனார்கள். இன்றும் மும்பைக் குழாய்களுக்குத் தான்சா நீர் வருகிறது. வெந்நீர்க் குண்டங்களின் அக்கம்பக்கத்தில் காலனி அரசின் மிகப்பெரிய கட்டுமானம் எது என்றால் இந்தப் பச்சைத்தண்ணீர் அணைதான். மத விஷயங்களில் தலையிட மாட்டோம் என்ற 1858 விக்டோரியா அரசிப் பிரகடனத்துக்குப் பிறகு வழிபாட்டு இடங்களில் கைவைக்க அதிகாரிகள் தயங்கியதும் சேர்ந்துகொண்டது. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டால் எதைத் தேட வேண்டும் என்பது தெளிவாகும்.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவலி பக்கத்திலிருந்து ஊர் உறவினரைக் கூட்டிக்கொண்டு தரிசனத்துக்கும் குளியலுக்கும் போகிறவர்கள் ஏராளம். கூடவே நான்கு மணி நேரம் ஒதுக்கி, டேப்பும் வெப்பமானியுமாக ஒரு குண்டத்தை முறையாகப் பதிவு செய்ய விரும்புகிறவர்களுக்கு இது. ஒரு நாளைக்கு ஒரே குண்டம்தான். மூன்றையும் முடிக்கலாம் என்று கிளம்பினால் மூன்றும் அரைகுறையாகும்.

காகிதம் முதலில்

கிளம்பும் முன் படிக்க வேண்டியது பம்பாய் மாகாண கெசட்டியரின் (மாவட்டவாரி அரசு விவரத் தொகுப்பு) தானா தொகுதிகள். ஜேம்ஸ் கேம்ப்பெல் பதிப்பித்து 1882-இல் வந்தவை. தொகுதி 13 இரண்டு பாகங்களாகவும், இடங்களைப் பற்றிய தொகுதி 14 தனியாகவும் இருக்கும். மகாராஷ்டிர அரசு இவற்றை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. இன்றைய பெயரில் தேடினால் பாதி கிடைக்காது. தேவியின் பெயர் வஜ்ராபாய் என்றும், ஊர் வடவலி என்றும், வசாய் பாஸீன் என்றும், தானே தானா என்றும் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடுங்கள். அடுத்தது, ஜியாலஜிகல் சர்வேயின் தாமஸ் ஆல்ட்ஹாம் தொகுத்து, அவர் மறைவுக்குப் பின் 1883-இல் வெளியான இந்திய வெந்நீர் ஊற்றுகளின் பட்டியல். நாடு முழுக்கச் சுமார் 300 ஊற்றுகள் அதில் உண்டு.

இவற்றில் வரும் வெப்ப அளவு ஃபாரன்ஹீட்டில் இருக்கும். 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் செல்சியஸ். 120 டிகிரி என்று இருந்தால் 48.9, 130 என்றால் 54.4.

கட்டுமானச் செலவு, பழுது, வடிகால் பற்றிய கடிதப் போக்குவரத்து வேண்டுமென்றால் காலா கோடாவில் எல்ஃபின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்தில் இருக்கும் மாநில ஆவணக் காப்பகம்தான் வழி. அடையாள அட்டையும் ஆய்வின் நோக்கத்தைச் சொல்லும் கடிதமும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். 'வெந்நீர் ஊற்று' என்று கேட்டால் ஒன்றும் வராது. பொதுப்பணித் துறை, வருவாய்த் துறை, சுகாதாரம் என்று துறைவாரியாகத்தான் கோப்புகள் இருக்கும். ஆண்டுகளைப் பின்வருமாறு குறுக்கிக்கொள்ளலாம். 1864-இல் மாகாணச் சுகாதாரக் கமிஷன் வந்தது. திருவிழாக் கூட்டமும் காலராவும் அதன் தலையாய கவலை. 1869-இல் உள்ளூர் நிதிச் சட்டம். சத்திரம், கிணறு, சாலை இவற்றுக்கு மாவட்ட அளவில் பணம் ஒதுக்க அதுவே அடிப்படை. 1884-இல் லோக்கல் போர்டு சட்டம். 1896-இல் பம்பாயில் பிளேக். சித்திரை அமாவாசையை ஒட்டி வஜ்ரேஷ்வரியில் நடக்கும் திருவிழா பற்றிய சுகாதாரக் குறிப்புகளை இந்த ஆண்டுகளின் கோப்புகளில் தேடுவது பலன் தரும்.

பழுதுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதைச் சாதாரணக் கணக்காக எண்ணிவிடாதீர்கள். 1923-இல் எஸ். கே. போலே பம்பாய் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் கட்டிய அல்லது பராமரிக்கும் நீர்நிலைகளும் சத்திரங்களும் தீண்டப்படாதவர் என ஒதுக்கப்பட்டவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. 1927 மார்ச் 20-இல் மகாட் ஊரின் சவ்தார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் நடந்த போராட்டம் இதன் தொடர்ச்சி. ஆகவே ஒரு குண்டத்தின் படிக்கட்டைக் கோயில் பணம் கட்டியதா, லோக்கல் போர்டு பணம் கட்டியதா என்பது, அதில் யார் இறங்கலாம் என்ற கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது. கணக்கு கிடைத்தால் எண்ணை மட்டும் எழுதாமல் எந்தத் தலைப்பில் செலவு காட்டியிருக்கிறார்கள் என்பதையும் அப்படியே பிரதி எடுங்கள்.

பையில் என்ன

15 மீட்டர் துணி அல்லது ஃபைபர் டேப் ஒன்று. இரும்பு டேப் இந்தத் தண்ணீரில் ஒரே நாளில் துருப்பிடிக்கும். 3 மீட்டர் சின்ன டேப். தூக்குக்குண்டு, ரசமட்டம், கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் (உள்ளே நீர் தெரியும் 10 மீட்டர் பிளாஸ்டிக் குழாய் போதும்). ஆழம் பார்க்க 10 செ.மீ. இடைவெளியில் பெயின்டால் கோடு போட்ட மூங்கில். 10 லிட்டர் பக்கெட். நுனியில் உலோகக் கம்பி உள்ள சமையல் வெப்பமானி, 110 டிகிரிவரை காட்டுவதாக. டார்ச். பென்சிலும் கிராஃப் தாளும். பேனா மை நீராவியில் கசியும்.

காய்ச்சலுக்கு வைக்கும் வெப்பமானி 42 டிகிரியோடு நின்றுவிடும், உதவாது. தூரத்திலிருந்து காட்டும் கன் வகை, நீராவி வழியாகப் பார்ப்பதாலும் மேற்பரப்பை மட்டுமே படிப்பதாலும் குறைத்துக் காட்டும். எந்த வெப்பமானியானாலும் முந்தின இரவு வீட்டில் சோதியுங்கள். நொறுக்கிய ஐஸ் கலந்த நீரில் 0, கொதிநீரில் 100. மும்பை கடல்மட்டத்தில் இருப்பதால் இந்தச் சோதனை இங்கே சரியாக வேலை செய்யும். 2 டிகிரி வித்தியாசம் இருந்தால் அதைத் தாளின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்.

கொலுசு, மெட்டி, வெள்ளி மோதிரம் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நீரில் இருக்கும் கந்தக வாடை கொஞ்சமாக இருந்தாலும் வெள்ளி கறுத்துவிடும்.

வசாய் ரோடு, விரார், பிவண்டி, தானே ஆகிய இடங்களிலிருந்து எஸ்.டி. பஸ் உண்டு. மும்பையிலிருந்து சுமார் 75 கி.மீ. டிசம்பர் முதல் பிப்ரவரிவரை சரியான காலம். மழைக்காலத்தில் ஆறு ஏறி, கரையோரக் குண்டங்களில் ஆற்றுநீர் கலந்துவிடும். அப்போது எடுத்த வெப்ப அளவு எதற்கும் பயன்படாது. ஞாயிறும் திருவிழா நாளும் வேண்டாம். விடியற்காலை குளிப்பவர்களின் நேரம். பத்து மணிக்கு மேல் கூட்டம் குறையும்; சாய்வெயிலில் உளித்தடமும் நன்றாகத் தெரியும். கோயில் நிர்வாகத்தாரிடம் முதலில் சொல்லி அனுமதி வாங்குங்கள். குளிப்பவர் ஒருவர் இருந்தாலும் கேமராவை வெளியே எடுக்கக் கூடாது. பெண்கள் பகுதியைப் பெண்களே அளப்பதுதான் முறை, குழுவில் அதற்கு ஆள் இருக்கட்டும்.

வாய்க்காலில் தொடங்குங்கள்

பலரும் கோயில் வாசலில் தொடங்கி, குண்டத்தைப் படமெடுத்து முடித்துவிடுகிறார்கள். வேலையை நேர் எதிரே தொடங்க வேண்டும். நீர் வெளியேறும் வாய்க்கால் எங்கே முடிகிறதோ அங்கிருந்து மேல்நோக்கி வாருங்கள். கரையையும் படியையும் ஒவ்வொரு தலைமுறையும் புதுப்பிக்கும், வெள்ளையடிக்கும், டைல்ஸ் ஒட்டும். வடிகாலை யாரும் அலங்கரிப்பதில்லை. பழைய வேலை அங்கேதான் தொடப்படாமல் இருக்கும்.

ஒரு குண்டம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் அளக்க வேண்டியவை தாமே புலப்படும். இந்தப் பகுதி எரிமலை இல்லை. மழைநீர் பசால்ட் பாறையின் பிளவுகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உள்சூட்டில் சூடாகி, வேறொரு பிளவு வழியே ஏறி வருகிறது. பால்கரிலிருந்து ரத்னகிரிவரை கொங்கண் முழுக்க இந்த ஊற்றுகள் வரிசையாக இருக்கின்றன. ஏறி வரும் வெந்நீரைச் சுற்றிப் பக்கத்து நிலத்தடி நீரும் ஆற்று நீரும் உள்ளே புகப் பார்க்கும். கல் கரையின் முதல் வேலை அந்தத் தண்ணீரை வெளியே நிறுத்துவது. குளிப்பவருக்கு வசதி இரண்டாவதுதான். உள்ளே நீர்மட்டம் வெளியே இருப்பதைவிட உயரமாக இருக்கும்வரை வெந்நீர் வெளியே தள்ளும். மட்டம் தாழ்ந்தால் பச்சைத்தண்ணீர் உள்ளே வரும். அந்த மட்டத்தைத் தீர்மானிப்பது வெளியேறும் வாயின் அடிக்கல்.

எனவே முதல் அளவு இதுதான்: அடிக்கல் மட்டத்துக்கும் ஆற்று நீர்மட்டத்துக்கும் எத்தனை செ.மீ. வித்தியாசம்? டியூப் லெவலின் ஒரு நுனியை அடிக்கல்லிலும் மறு நுனியை ஆற்றங்கரையில் நட்ட மூங்கிலிலும் பிடித்துப் பாருங்கள். குழாய்க்குள் குமிழி இருந்தால் அளவு தப்பும். நுனியிலிருந்து வாயால் உறிஞ்சி நிரப்பினால் குமிழி சேராது. இரண்டாவது, அடிக்கல்லில் வெட்டுத்தடம். முதலில் இருந்த விளிம்புக்குக் கீழே யாரோ ஒரு காடி வெட்டியிருந்தால், துப்புரவுக்காகக் குண்டத்தை முழுக்க வடிக்கப் பின்னாளில் செய்த வேலை அது. தினமும் குளத்தைக் காலி செய்து கழுவ வேண்டும் என்பது 19-ஆம் நூற்றாண்டுச் சுகாதார அதிகாரிகளின் எண்ணம். ஊற்றுக் குண்டத்துக்கு அது பொருந்தாது. தானாக நீர் மாறும் தொட்டியை வடித்தால், மேலே சொன்னபடி மட்டம் தாழ்ந்து பச்சைத்தண்ணீர் புகுந்துவிடும். காடி இருப்பதால் மட்டும் அதை அந்தக் காலத்தது என்று எழுதிவிட முடியாது. உளித்தடத்தின் முனை மழுங்கியிருக்கிறதா, பாசி, வெள்ளைப் படிவு எவ்வளவு என்று பாருங்கள், காகிதத்தில் ஆதாரம் தேடுங்கள்.

அடுத்தது நீர் வரத்து. வாய்க்கால் முனை தொங்கலாக இருந்தால் பக்கெட்டைப் பிடித்து, 10 லிட்டர் நிறைய எத்தனை வினாடி என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். தொங்கல் இல்லாவிட்டால் வாய்க்காலில் 3 மீட்டர் தூரம் குறித்து, ஒரு இலையை மிதக்கவிடுங்கள். உதாரணமாக அகலம் 30 செ.மீ., நீர் ஆழம் 5 செ.மீ., இலை 10 வினாடியில் கடந்தது என்றால்: 0.3 × 0.05 × 0.3 = 0.0045 கன மீட்டர். மேற்பரப்பு நீர் அடிநீரைவிட வேகமாக ஓடுவதால் 0.8-ஆல் பெருக்க வேண்டும், வினாடிக்கு 3.6 லிட்டர் வரும். குண்டத்தின் கொள்ளளவை இதனால் வகுத்தால், நீர் ஒருமுறை முழுதாக மாற ஆகும் நேரம் கிடைக்கும். 3 மீட்டருக்கு 3 மீட்டர், ஆழம் 1.2 மீட்டர் உள்ள தொட்டியில் 10,800 லிட்டர். வரத்து வினாடிக்கு அரை லிட்டர் என்றால் 6 மணி நேரம்.

இந்த 6 மணி நேரத்தை வைத்துக்கொண்டு குண்டத்தின் வடிவத்தைப் பாருங்கள். வரத்து குறைவான ஊற்றுக்கு அகலமான குளம் கட்டினால் நீர் ஆறிப்போகும். வரத்து அதிகமான ஊற்றுக்குச் சிறு தொட்டி கட்டினால் கால் வைக்க முடியாத சூடு. ஒன்றன் கீழ் ஒன்றாகத் தொட்டிகள் இருக்கும் இடங்களில், முதலாவது ஊற்றைக் காக்க, கடைசியே குளிக்க என்று பிரித்திருப்பார்கள். எந்த அரசும் இதைச் சட்டம் போட்டுச் செய்யவில்லை, தண்ணீர் கற்றுக்கொடுத்தது. ஈழத்தில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு சிறு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக உண்டாக்கியவை என்பது மரபு. அங்கே யாரும் இறங்குவதில்லை, வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். நீரை வாளியில் எடுப்பதா, நீரில் இறங்குவதா என்ற ஒரே வேறுபாடு கட்டடம் முழுவதையும் மாற்றிவிடுகிறது.

வெப்பத்தை எங்கே வைத்து அளப்பது

இங்குள்ள குண்டங்கள் 50 டிகிரியை ஒட்டி, சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். 49 டிகிரி நீர் சில நிமிடங்களில் தோலைப் பொசுக்கும், 60 டிகிரி சில வினாடிகளில். கை நனைத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கம்பியை நூலில் கட்டி, குமிழி எழும் ஊற்றுக்கண்ணுக்கு மேல் இறக்கி, முள் நின்றபிறகு ஒரு நிமிடம் காத்திருந்து படியுங்கள். பிறகு படியோரத்தில், நடுவில், வெளியேறும் வாயில் என நான்கு இடங்கள். ஒவ்வொரு அளவோடும் நேரமும் காற்று வெப்பமும் எழுத வேண்டும்.

இதில் நடக்கும் பெரிய தப்பு, 1882 கெசட்டியர் எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு 'ஊற்று ஆறிவிட்டது' என்று எழுதுவது. பழைய அளவு ஊற்றுக்கண்ணில் எடுத்ததா, தொட்டி ஓரத்தில் எடுத்ததா, எந்த மாதத்தில் என்று தெரியாமல் இரண்டு டிகிரியை வைத்து முடிவு கட்ட முடியாது. ஒரே குண்டத்துக்குள் ஊற்றுக்கண்ணுக்கும் ஓரத்துக்கும் அதைவிடப் பெரிய வித்தியாசம் இருக்கும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி விட்டுவிடுங்கள்.

கல், சாந்து, இரும்பு

கரைச்சுவரின் ஒரு மூலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பக்கவாட்டில் ஓடவிடுங்கள். புள்ளி புள்ளியாக உளித்தடம் தெரிந்தால் கையால் கொத்தியது. கல்லின் முகத்தில் அரை உருளையாக நீண்ட காடி தெரிந்தால், துளை போட்டு வெடிமருந்து வைத்துப் பிளந்த கல்லாக இருக்கலாம். 1853-இல் தானாவரை ரயில் ஓடி, பிறகு மலைத்தொடர்களைக் குடைந்து பாதை போட்ட ஆண்டுகளில் இந்த வகைக் கல் இப்பகுதியில் மிகுதியாகப் புழங்கியிருக்கும். ஒரு சுவரில் இரண்டு வகையும் இருந்தால், எது கீழ், எது மேல் என்பதுதான் முக்கியம்.

சாந்துக்கு, ஏற்கெனவே உதிர்ந்து கிடக்கும் துணுக்கை மட்டுமே எடுக்க வேண்டும், சுவரைச் சுரண்டக் கூடாது. ஆணியால் கீறினால் வெள்ளைப் பொடி உதிர்ந்து, உள்ளே செங்கல்தூள் சிவப்பாகத் தெரிந்தால் சுண்ணாம்பும் சுர்க்கியும். சாம்பல் நிறத்தில், ஆணி வழுக்கினால் சிமெண்ட். இந்தியாவில் சிமெண்ட் தயாரிப்பு 1904-இல் சென்னையில் தொடங்கி நிலைக்காமல் போய், 1914-இல் போர்பந்தர் ஆலையோடுதான் வேரூன்றியது. அதற்கு முன் பீப்பாய்களில் கப்பலில் வந்த சிமெண்ட் அணைக்கும் துறைமுகத்துக்கும் போகும். கிராமத்துக் குண்டத்துக்கு வந்திருக்க வாய்ப்பு சொற்பம். ஆகவே சிமெண்ட் பூச்சு என்றால் 1920-க்குப் பிந்தையது என்றே தொடங்கலாம். வெள்ளைப் பளபளப்பு டைல்ஸ் இங்கே பெரும்பாலும் சுதந்திரத்துக்குப் பிந்தைய வேலை. அதன் மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

எலுமிச்சைச் சாறு விட்டு நுரைத்தால் சுண்ணாம்பு என்ற சோதனை இங்கே ஏமாற்றும். ஊற்றுநீர் விட்டுச்செல்லும் வெள்ளைப் படிவும் நுரைக்கும், சிமெண்டும் கொஞ்சம் நுரைக்கும். துணுக்கை உடைத்து, புதிதாகத் தெரியும் உள்முகத்தில் மட்டும் சோதித்தால் கொஞ்சம் நம்பலாம்.

இரும்புதான் தேதி சொல்வதில் கெட்டிக்காரன். கூரையைத் தாங்கும் கர்டரின் (இரும்பு உத்தரம்) வயிற்றுப்பகுதியில் துருவுக்கு அடியில் எழுத்து இருக்கும். துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். டோர்மன் லாங், மிடில்ஸ்பரோ என்று இருந்தால் இங்கிலாந்திலிருந்து வந்தது. டாடா முத்திரை என்றால் 1912-க்குப் பிறகு, ஜாம்ஷெட்பூரில் உருக்கு வார்க்கத் தொடங்கிய ஆண்டு அது. ஆனால் கர்டர் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்து எப்போது வேண்டுமானாலும் ஏறியிருக்கலாம். அது 'இதற்கு முன் இல்லை' என்று மட்டுமே சொல்லும். மங்களூர் ஓட்டுக்கும் இதே எச்சரிக்கை. பாசல் மிஷன் ஆலை 1865-இல் தொடங்கியது. ஓட்டில் ஓர் ஆண்டு பொறித்திருந்தால் அது ஆலை தொடங்கிய ஆண்டாக இருக்கலாம், ஓடு சுட்ட ஆண்டு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. காமன்வெல்த் என்ற முத்திரை முதல் உலகப்போருக்குப் பிந்தையது.

கைப்பிடிக் கம்பி கல்லில் இறங்கும் துளையைக் கவனியுங்கள். பழைய முறையில் உருக்கிய ஈயம் ஊற்றி நிறுத்துவார்கள். சாம்பல் நிறம், நகம் பட்டாலே பளபளக்கும். பிந்தைய முறை சிமெண்ட். கம்பி துருப்பிடித்து ஊதி, துளையைச் சுற்றிக் கல் பிளந்திருந்தால் அதையும் வரைபடத்தில் குறியுங்கள். உப்பும் சூடும் சேர்ந்த நீரில் இரும்பு மற்ற இடங்களைவிட வேகமாக அரிக்கும், பிளவும் வேகமாக வளரும்.

அளவுகளை அடி அங்குலத்திலும் செ.மீ.-யிலும் எழுதுங்கள். படியின் உயரம் சுத்தமாக 6 அங்குலம், அகலம் 12 என்று வந்தால் அடிக்கோலில் வேலை செய்த கை. மெட்ரிக் 1956 சட்டத்துக்குப் பிறகு படிப்படியாக வந்தது. ஆனாலும் மும்பைக் கொத்தனார்கள் இன்றும் அடியில்தான் பேசுகிறார்கள். பழைய 'ஹாத்' (முழம்) 18 அங்குலம், அதாவது சரியாக ஒன்றரை அடி. எனவே 18, 36, 54 என்று வரும் அளவுகள் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. 6, 12, 15 போன்ற சிறு அளவுகள் கொஞ்சம் கூடுதலாகப் பேசும்.

தடுப்புச் சுவர்

ஆண், பெண் பகுதியைப் பிரிக்கும் சுவரையும் தனிக் குளியல் அறைகளையும் பார்த்தவுடன் விக்டோரியா காலத்து வெட்கம் என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். தடுப்பு, வெளிக்கரையோடு சேரும் இடத்துக்குப் போங்கள். இரண்டு சுவரின் கற்களும் பல்லும் பல்லுமாகக் கோத்திருந்தால் ஒரே காலத்து வேலை. நேர்கோடாக இணைப்பு ஓடி, விரல்நுனி நுழையும் இடைவெளி இருந்தால் தடுப்பு பின்னால் வந்தது. பிறகு தடுப்பின் அடியைப் பாருங்கள். அது படிக்கட்டின் மேல் ஏறி நின்றால் படி முந்தியது. படி அதைச் சுற்றி வளைந்தால் இரண்டும் ஒன்றாகத் திட்டமிட்டவை. இந்த முன்பின் வரிசை முழுவதும் தெரிந்தபிறகே ஆண்டைப் பற்றி யோசிக்கலாம்.

பழுதுகளையும் பதிவு செய்யுங்கள்

தரையில் சிமெண்ட் போட்டு மூடிய குண்டங்களில் ஊற்றுக்கண் அடைபட்டு, வெந்நீர் கரைக்கு வெளியே வேறு வழியில் கசியத் தொடங்கும். கரைக்கு வெளியே நிலம் வெதுவெதுப்பாக, ஈரமாக, பாசி பிடித்து இருக்கிறதா என்று சுற்றி நடந்து பாருங்கள். இருந்தால் வெப்பமானியை அங்கேயும் செருகுங்கள். குண்டத்தை மேலும் ஆழமாகத் தோண்டினால் நீர் இன்னும் சூடாக வரும் என்று நம்பித் தோண்டிய இடங்களும் உண்டு. ஊற்றுப் பிளவை விட்டுப் பக்கத்தில் தோண்டினால் கிடைப்பது பக்கத்து நிலத்தடி நீர்தான். கூரை போட்ட குண்டத்தில் நீராவி வெளியேற மேலே திறப்பு இல்லையென்றால் கர்டரும் கம்பியும் உள்ளிருந்து அரிக்கும். உச்சியில் காற்றுத் திறப்பு உண்டா என்று கூரையையும் பாருங்கள்.

தாளில் என்ன இருக்க வேண்டும்

1:50 அளவில் மேற்பார்வைப் படம். ஓரங்களை மட்டும் அளந்து செவ்வகம் என்று வரைந்துவிடாதீர்கள். இரண்டு மூலைவிட்டமும் அளந்து பாருங்கள். எதிரெதிர் ஓரங்களும் சமம், மூலைவிட்டம் இரண்டும் சமம் என்றால் செவ்வகம், இல்லையென்றால் கோணல். பெரும்பாலான பழைய குண்டங்கள் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், அதை நேராக்கி வரைவது பொய் வரைவது. வடிகாலிலிருந்து எதிர்க்கரைவரை ஒரு குறுக்குவெட்டு; அதில் அடிக்கல் மட்டம், நீர்மட்டம், ஆற்று மட்டம் மூன்றும். எந்தப் பகுதி எதன்மேல் ஏறியிருக்கிறது என்பதை 1, 2, 3 என்று எண்ணிட்டு, ஆண்டு தெரிந்தால் மட்டும் எதிரே ஆண்டு. தெரியாத இடம் காலியாகவே இருக்கட்டும். படங்களில் ஒவ்வொன்றிலும் ஓர் அளவுக்கோல் தெரிய வேண்டும், பென்சில் போதும். லென்ஸில் ஆவி படிந்தால் துடைக்காமல் ஐந்து நிமிடம் வெளியே வைத்திருங்கள், அதுவே தெளியும்.

முடித்த தாளின் நகல் ஒன்றைக் கோயில் நிர்வாகத்திடம் கொடுங்கள், மராத்தியில் நான்கு வரி விளக்கத்தோடு. அடுத்த முறை கரையைப் புதுப்பிக்கக் கொத்தனார் வரும்போது, அடிக்கல் மட்டத்தைத் தாழ்த்தக் கூடாது, ஊற்றுக்கண்ணின் மேல் சிமெண்ட் போடக் கூடாது என்ற இரண்டு வரியும் அந்த விளக்கத்தில் இருக்கட்டும். கட்டுமான அளவுகளை ஒருமுறை எடுத்தால் போதும். வெப்பத்தையும் நீர்வரத்தையும் மே மாதத்தில் ஒரு முறை, அடுத்த ஜனவரியில் ஒரு முறை மீண்டும் எடுங்கள்.